மைனஸ் நான்காம் வங்கு

கப்பலைப் பின்னாலிருந்துதான் எண்ணுவோம்.
சுக்கான் தண்டு நிற்கும் இடம் பூஜ்யம்.
அங்கிருந்து அணியம் நோக்கி
ஒன்று, இரண்டு, ஐம்பத்து மூன்று என்று
வங்குகள் ஏறிப் போகும்.
பூஜ்யத்துக்குப் பின்னாலும் கப்பல் இருக்கிறது.
மைனஸ் ஒன்று. மைனஸ் இரண்டு.
அந்தப் பக்கம் என்னுடையது.

காட்டுப்பள்ளி யார்டில் மூன்றாம் மாடி.
இரண்டு திரை, ஒரு ஸ்வெட்டர்,
ஜன்னலில் எண்ணூர்ப் புகைபோக்கிகள்.
ஐந்து வருஷமாகக் கடையால் மட்டுமே வரைகிறேன்.
ராயபுரத்தில் ஒரு நிக்காஹ் விருந்தில்
என்ன வேலை என்று கேட்டார்கள்.
கப்பலுக்குப் பின்பக்கம் என்றேன்.
பிரியாணித் தட்டோடு சிரித்தார்கள்.

நடுக்கப்பல் வெறும் பெட்டி.
ஒரு வங்கை வரைந்து முப்பது முறை ஒட்டலாம்.
கடையாலில் ஒன்றைப்போல் இன்னொன்று கிடையாது.
இரண்டு பக்கமும் பிரிந்து வந்த தண்ணீர்
இங்கே சண்டையில்லாமல் சேர வேண்டும்.
அதற்காகக் கீழே ஒடுங்கி மேலே அகலும் தகடு,
அதற்குள் பாதி திறந்த குடையின் கம்பிகளாய்ச்
சாய்ந்து விரியும் எலும்புகள்.
ப்ரொப்பல்லரின் நான்கு இதழும்
சுற்றுக்குச் சுற்று குத்துவது இவற்றைத்தான்.

அறுநூறு மில்லி இடைவெளி போதும் என்றது விதிப்புத்தகம்.
அதிர்வுக்குப் பயந்து ஐந்நூறு வைத்தேன்.
திரையில் சிவப்பெல்லாம் பச்சையானது.
அன்று அத்திப்பட்டு ஸ்டேஷனில்
எனக்கு நானே தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை தேசிங்கு மாடியேறி வந்தார்.
வெல்டர். கையுறையில் பொத்தல்.
எதுவும் பேசாமல் டேப்பை இழுத்து
என் மேஜையில் ஐந்நூறு மில்லிக்கு
இரண்டு சாக்பீஸ் கோடு போட்டார்.
நடுவில் தோளை வைத்தார்.
"நான் பூந்துருவேன் மேடம்.
மாஸ்க் பூருமா?
கையத் தூக்குனா முட்டி எங்க போவும்?"

கூடவே இறங்கினேன்.
ஆக்ஸிஜன் இருபது புள்ளி ஒன்பது என்றார் வாசலில் ஒருவர்,
பெயர் எழுதிக்கொண்டார், வஹிதா, உள்ளே, பதினொன்று பத்து.
மைனஸ் மூன்றுவரை தவழ்ந்தேன்.
திரையில் விரலால் சுழற்றிப் பார்த்த மூலை.
இங்கே சுழல வேண்டியது நான்.
நான்காம் வங்கில் இடுப்பு மாட்டிக்கொண்டது.
வெளியே எவரோ தகட்டில் சுத்தியலால் அடிக்க
என் கடைவாய்ப் பல்லில் கேட்டது.

டார்ச்சைத் திருப்பினேன்.
ஏராவை ஒட்டிய கடைசித் தையல்,
தலைகூட நுழையாத இடத்தில்.
"அது எப்படிப் போட்டீங்க?"
"மூஞ்சி பாக்குற கண்ணாடிய சாச்சு வெச்சு,
எடங்கையால."
இரண்டு முறை சோதனையில் தோற்று
மூன்றாவதில் தேறிய தையல்.
பச்சை காட்டிய என் திரைக்கு
அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அந்த இழுவைக் கப்பல்
நவம்பர் மழையில் கிளம்பிப் போனது,
எடங்கைத் தையல்களோடு.
மாலை, தேங்காய், போட்டோ எல்லாம் முன்னால்.
நான் பின்னால் நின்றேன்.
பெயர்ப்பலகைக்குக் கீழே நுரை,
நுரைக்குக் கீழே எனக்கு மட்டும் தெரிந்த எண்கள்.
தேசிங்கு வரவில்லை.
அடுத்த ஹல்லில் உள்ளே இருந்தார்.

அடுத்ததற்கு ஐந்நூற்றெண்பது.
தகடு இரண்டு மில்லி தடிமன் கூட்டி,
குறுக்குத் தகட்டில் துளையைப் பெரிதாக்கி.
எடை கூடிற்று, மேலாளர் முகம் சுளித்தார்.
திருத்தத்தின் காரணம் என்ற கட்டத்தில்
ஒரே சொல் எழுதினேன்: தோள்.

கல்கத்தாவிலிருந்து, சான்றிதழ் தருகிறவர்கள்,
நேற்று கேட்டிருக்கிறார்கள்:
தோள் என்பது கப்பலின் எந்தப் பாகம்,
வரைபடத்தில் காணவில்லையே.

பதிலைத் திறந்து வைத்திருக்கிறேன்.
இடுப்பில் நீலம் இன்னும் முழுக்க மறையவில்லை.